தையல் பெட்டியைப் பிரித்து விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் பழம்பொருள் சேகரிப்பைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நாணயம், தபால்தலை, இசைத்தட்டு, பீங்கான், வெண்கல விளக்கு என்று பலவற்றையும் விரிவாகச் சொன்ன அந்தக் கட்டுரையில் பெண்களின் தையல் பெட்டிக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வரியும், பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிச் சாமான்களைத் தனியே எடுத்து எடைக்கு விற்றால் கூடுதல் பணம் கிடைக்கும் என்ற யோசனையாக இருந்தது. வேலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் 31 ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதே யோசனையால் எங்கள் குடும்பத்தில் ஒரு பெட்டி பாழானதைக் கண்ணால் கண்டவளும்கூட. ஆகவே இந்த மறுப்பை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

பழைய பிஸ்கட் டப்பாவில் நூற்கண்டும் ஊசியும் போட்டு வைப்பது நம் வீடுகளின் வழக்கம். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நான் இங்கே பேசுவது, தையல் வேலைக்கென்றே தச்சரும் தந்த வேலைக்காரரும் பொற்கொல்லரும் சேர்ந்து செய்த அலங்காரப் பெட்டிகளைப் பற்றி. மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பட்டுத்துணியோ கண்ணாடியோ பதித்திருக்கும். அதன் கீழே தூக்கி எடுக்கக்கூடிய ஒரு தட்டு இருக்கும். ஊசி குத்தாமல் விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் விரலுறை, ஊசிக்கூடு, துளையிடும் குத்தூசி, நாடா கோக்கும் மொட்டை ஊசி, நூல் சுற்றும் சிப்பித் தகடு, தேன்மெழுகு, அளவு நாடா, கத்தரிக்கோல் என ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவத்துக்கு ஏற்பக் குழி வெட்டியிருக்கும். தட்டுக்கு அடியில் பாதி முடிந்த துணிவேலையை மடித்து வைக்க இடம் விட்டிருப்பார்கள். அந்தக் குழிகளைத்தான் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்த செய்தி முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது.

இவற்றை வெள்ளைக்காரர்களின் பொருள் என்று தள்ளிவிட முடியாது. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் போற்றி வைத்திருக்கும் தையல் பெட்டிகளில் பல நமக்கு வடக்கே இதே சோழமண்டலக் கரையில், விசாகப்பட்டினத்தில் செய்யப்பட்டவை. அங்கே கம்சாலி என்னும் கைவினைஞர் குலத்தார் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈட்டி, கருங்காலி போன்ற கரிய மரங்களில் தந்தக் கொடிகளைப் பதித்துப் பெட்டி செய்தார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் முறை மாறியது. சந்தனப் பலகையின் மேல் மெல்லிய தந்தத் தகடுகளை முழுவதுமாக ஒட்டி, அதில் ஊசிமுனையால் கீறிச் சித்திரம் வரைந்து, கீறலுக்குள் கரிய அரக்கை நிரப்பித் தேய்த்தார்கள். கதவும் சன்னலும் ஓடு வேய்ந்த கூரையும் கீறிய குட்டி வீடு போன்ற தையல் பெட்டிகள் அவர்களுடைய கைவண்ணத்தின் உச்சம் என்பேன். அவற்றில் கூரையே மூடியாகத் திறக்கும். சீமையிலிருந்து வந்த அச்சுப் படங்களைப் பார்த்து, தாம் ஒருநாளும் கண்டிராத ஊர்களின் மாளிகைகளை ஒரு கோடு பிசகாமல் கீறிய அந்தக் கைவினைஞர் எவருடைய பெயரும் பெட்டியில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் சந்தனத்தோடு எருமைக் கொம்பையும் சேர்த்துச் செய்த பெட்டிகள் ஏராளமாக விற்பனையாயின. நம் பக்கத்து வீடுகளில் கருமையான பளபளப்போடு ஒரு பழைய பெட்டி இருந்தால் அது இந்த வகையைச் சேர்ந்ததா என்று பார்ப்பது நல்லது.

மேற்குக் கரையில் சூரத்திலும் பம்பாயிலும் வேறொரு வழி இருந்தது. தந்தம், கருங்காலி, ஈயம் போன்ற வெள்ளை உலோகம், சிவப்புச் சாயம் தரும் சப்பங்கி மரம் ஆகியவற்றை முக்கோணமும் நாற்கோணமுமான மெல்லிய குச்சிகளாகச் சீவி, கட்டாக ஒட்டி, அந்தக் கட்டைக் குறுக்கே வெள்ளரிக்காய்போல் மெல்லிய வில்லைகளாக அறுப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரே கோலம் தெரியும். அவற்றைப் பெட்டியின் மேல் வரிசையாக ஒட்டினால் புள்ளிக்கோலம் போட்டாற்போல் இருக்கும். சதேலி என்று பெயர்பெற்ற இந்தக் கலை பாரசீகத்து ஷீராஸ் நகரிலிருந்து சிந்து வழியாக வந்தது என்பார்கள். வியப்பு என்னவென்றால், இங்கிலாந்தில் கென்ட் வட்டாரத்து டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊர்த் தச்சர்களும் 1830 வாக்கில் மரக்குச்சிகளை இதே விதமாகக் கட்டி அறுத்துத் தையல் பெட்டிகளை அலங்கரித்தார்கள். அவர்கள் தந்தத்தையும் சாயத்தையும் நாடாமல் மரங்களின் இயற்கை நிறத்தையே நம்பியவர்கள். பச்சை நிறம் எந்த மரத்தில் கிடைக்கும் என்று நான் மாணவியரிடம் கேட்பதுண்டு. விழுந்து கிடக்கும் ஓக் மரத்தில் ஒருவகைக் காளான் பரவினால் அதன் வைரம் வரை பச்சையாகிவிடும். அந்தக் கட்டையைக் காட்டில் தேடி எடுத்து வந்து இலைக்கும் புல்லுக்கும் வைத்தார்கள்.

சீனத்துக் காண்டன் துறைமுகத்திலிருந்து பொன்வரி இட்ட கருப்பு அரக்குப் பெட்டிகளும், பாரிஸ் நகரத்துப் பலே ருவயால் கடைவீதியிலிருந்து முத்துச்சிப்பிக் கருவிகள் அடங்கிய பெட்டிகளும் வந்தன. பாரிஸ் கருவிகளில் சிறு எனாமல் வட்டத்துக்குள் ஒரு பான்சிப் பூ வரைந்திருக்கும்; பிரெஞ்சு மொழியில் அந்தப் பூவின் பெயருக்கு நினைவு என்றும் பொருள். இவை அழகில் குறைந்தவை அல்ல என்றாலும், என் மனம் இவற்றைவிட வேறு இரண்டு பெட்டிகளில்தான் நிற்கிறது.

இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் வசதியான வீட்டுப் பெண்குழந்தைகள் படிப்படியாகத் தையல் கற்று, கடைசியில் ஒரு பெட்டியின் எல்லாப் பக்கங்களுக்கும் தாமே பூவேலை செய்து முடிப்பது வழக்கம். 1660இல் பிறந்த மார்த்தா எட்லின் என்னும் சிறுமி தன் எட்டாம் வயதில், பழகிய தையல் வகைகளை ஒரே துணியில் தைத்துக் காட்டும் மாதிரித் துணி ஒன்றை வண்ணநூலால் தைத்தாள். மறு ஆண்டு வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் வேலை செய்தாள். 1671இல், பதினோரு வயதில், தன் பெட்டியை முடித்தாள். 1673இல் மணிகள் கோத்த நகைப்பெட்டி ஒன்றையும் செய்தாள். இந்த வேலைகள் யாவும் அவளிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்குமாகப் பெண்வழியே 300 ஆண்டுகளுக்கு மேல் கைமாறி, இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒன்றாக இருக்கின்றன. தையல் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எட்டு வயதுக் கையும் பதினொரு வயதுக் கையும் எவ்வளவு வேறுபடும் என்பதை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பெட்டியை ஒருவருக்கும் மாதிரித் துணியை வேறொருவருக்கும் விற்றிருந்தால் அந்தக் குழந்தையின் வளர்ச்சி யாருக்குமே தெரிந்திருக்காது.

மற்றொன்று மான்செஸ்டர் நகரத்து விட்வொர்த் கலைக்கூடத்தில் உள்ளது. ஹன்னா ஸ்மித் என்ற சிறுமி செய்தது. அந்தப் பெட்டிக்குள் அவள் 1657இல் தன் கையால் எழுதி வைத்த ஒரு துண்டுத் தாள் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு 1654இல் போனபோது தனக்குப் பன்னிரண்டு வயது நிறையும் தறுவாய் என்றும், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கித் தையலை முடித்ததாகவும், 1656இல் லண்டனில் அதைப் பெட்டியாகக் கட்டுவித்ததாகவும், பிற்காலத்தில் தான் மறந்துபோனாலும் விசாரிப்பவர்கள் இருந்தாலும் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக எழுதுவதாகவும் அதில் சொல்லியிருக்கிறாள். எழுத்துப் பிழைகள் நிறைந்த தாள் அது. அந்தத் தாள் இல்லையென்றால் அது 17ஆம் நூற்றாண்டுப் பூவேலைப் பெட்டிகளில் ஒன்று என்ற அளவோடு நின்றிருக்கும்.

பிற்காலச் சேகரிப்பு இதற்கு நேர்மாறான பாதையில் நடந்தது. 1851இல் ஐசக் சிங்கர் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு சில பத்தாண்டுகளில் கைத்தையல் வீட்டுத் தேவையாக இருந்த நிலை மாறியது. பெட்டிகள் அலமாரியின் மூலைக்குப் போயின. பிறகு வந்த சேகரிப்பாளர்களில் ஒருசாரார் விரலுறை மட்டும் சேர்த்தார்கள். வேறு சிலர் ஊசிக்கூடு மட்டும், இன்னும் சிலர் கத்தரிக்கோல் மட்டும் தேடினார்கள். வியாபாரிகளும் அதற்கேற்பத் தட்டைக் கவிழ்த்துக் கருவிகளைத் தனித்தனியே விற்றுவிட்டு, வெறும் பெட்டியை நகைப் பெட்டி என்று சொல்லி வேறொருவரிடம் விற்றார்கள். சில காலம் கழித்து முழுப் பெட்டிக்குத்தான் மதிப்பு அதிகம் என்று தெரிந்தபோது, கிடைத்த கருவிகளைக் கிடைத்த பெட்டியில் அடுக்கி, பழைய முழுப் பெட்டி என்று விற்பதும் தொடங்கியது. அப்படிச் சேர்த்தவற்றை அடையாளம் காண்பதற்குக் குழிகளே சாட்சி. குத்தூசி தன் குழிக்குள் ஆடினாலும், விரலுறை பாதி அமர்ந்து பாதி துருத்தி நின்றாலும், அது அந்தப் பெட்டியோடு பிறந்தது அல்ல என்று கொள்ளலாம். கருவி பல ஆண்டுகள் படுத்திருந்த இடத்தில் பட்டுத்துணியின் நிறம் மங்காமல் இருக்கும். அந்த நிழலின் உருவமும் கருவியின் உருவமும் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன். அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் அமைத்த ஆற்காடு மிஷன் தொடங்கி, இந்த மாவட்டத்தில் பெண்களுக்கு எழுத்தையும் தையலையும் சேர்த்தே கற்பித்த பள்ளிகள் பல உண்டு. அப்படிப்பட்ட ஒரு விடுதிப் பள்ளியில் 1940களில் படித்த என் பெரியம்மாவுக்கு, ஊர் திரும்பவிருந்த துரைசானி அம்மாள் ஒருவர் தம் தையல் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். சந்தனப் பலகை, எருமைக் கொம்பு விளிம்பு, உள்ளே நீலப் பட்டு. சிறுவயதில் எனக்கு ஓட்டுத்தையலும் சங்கிலித்தையலும் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் பெரியம்மா சொல்லிக்கொடுத்தார். ஊசி துணியில் ஓடாமல் முரண்டினால் எங்கள் தெருப் பெண்கள் எண்ணெய்த் தலைமுடியில் ஒரு தரம் இழுத்துக்கொள்வார்கள். பெரியம்மா மட்டும் பெட்டியிலிருந்த செம்பழம் போன்ற சிறு மெத்தையில் குத்தி எடுப்பார். அதற்குள் எமரித் தூள் நிரப்பியிருந்தது, அது ஊசியின் துருவைத் தேய்த்துவிடும். பெட்டியின் அடித்தட்டில் அவர் பள்ளியில் தைத்த மாதிரித் துணி இருந்தது. அதில் அகர வரிசையை அவர் ஔகாரம் வரைக்கும் தைத்திருந்தார். ஆய்த எழுத்துக்கு இடம் போதவில்லை.

பெரியம்மா 2019இல் காலமானார். அடக்கம் முடிந்த சில வாரங்களில், வீட்டைக் காலி செய்ய வந்த பழைய சாமான் வியாபாரி ஒருவர், உள்ளே இருந்த வெண்ணிறக் கருவிகள் யானைத் தந்தம் என்றும், வைத்திருந்தால் காவல்துறை வரும் என்றும் சொல்லிப் பெரியம்மாவின் மகனான என் அண்ணனை அச்சுறுத்தி, அவற்றை ஒன்றும் தராமலே எடுத்துப்போனார். அண்ணனுக்கு உலகம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். துக்கத்தில் இருந்தவர் பயந்துவிட்டார். விரலுறை வெள்ளிக்கடைக்குப் போனது. அங்கே சோதிப்பதற்காக விளிம்பை வெட்டிப் பார்த்து, உள்ளே எஃகு தெரிந்ததும் போலி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சேதி அறிந்து நான் ஓடியபோது வெறும் பெட்டியும் வெட்டுப்பட்ட விரலுறையும்தான் மிஞ்சியிருந்தன. மாதிரித் துணி எதைத் துடைக்கப் போயிற்றோ தெரியவில்லை.

அந்த விரலுறை போலி அல்ல. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரைச் சேர்ந்த சார்லஸ் ஹார்னர், வெள்ளி விரலுறைகளை ஊசி துளைத்துவிடுகிறது என்பதைக் கண்டு, இரண்டு வெள்ளித் தகடுகளுக்கு நடுவே எஃகுத் தகடு வைத்து 1884இல் காப்புரிமை பெற்றுச் செய்தது அது. முழு வெள்ளி இல்லாததால் வெள்ளி முத்திரை அதில் இருக்காது. டார்க்காஸ் என்பது அதன் பெயர்; ஏழை விதவைகளுக்கு அங்கிகளும் வஸ்திரங்களும் தைத்துக்கொடுத்த பெண்ணென்று வேதாகமம் கூறும் தொற்காளின் பெயர்தான் அது. நம் சபைகளில் தொற்காள் சங்கம் நடத்திய பெண்களின் விரலில் இருந்திருக்க வேண்டிய பொருளை எடைக்கல்லில் வைத்தால் அதற்கு மதிப்பே கிடையாது, ஏனென்றால் அதில் உள்ள வெள்ளி அவ்வளவு குறைவு.

அந்தக் கருவிகளும் தந்தம் அல்ல, எலும்பு. நான் எத்தனையோ முறை கையில் வைத்துப் பார்த்தவை. எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகளும் சிறு கோடுகளும் தெரியும், ஏனென்றால் அங்கே இரத்தக் குழாய்கள் ஓடியிருக்கும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் வலைபோல் தெரியும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். அது பொருளைக் கெடுக்கும், செய்ய வேண்டாம். நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். உண்மையிலேயே தந்தமாக இருந்தால் சட்டத்தை மதித்தே ஆக வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இலும் 1991இலும் செய்த திருத்தங்களால் தந்த வணிகம் முற்றாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது, அது சரியானதும்கூட. யானை கொல்லப்படுவதைத் தடுப்பதைவிட எந்தப் பெட்டியும் பெரிதல்ல. குடும்பச் சொத்தாக வந்த தந்தப் பொருளை வைத்திருப்பவர்கள் வனத்துறையை அணுகி முறையாக விசாரிக்க வேண்டுமே தவிர, பயந்துபோய்க் கண்டவரிடம் கொடுத்துவிடக் கூடாது. 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கூறுவதையும் நினைவூட்டுகிறேன்.

பெட்டியைக் காப்பது பற்றி இரண்டொரு சொல். வேலூர் வெயிலுக்கு நான் உரை எழுத வேண்டியதில்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள பரண்தான் நம் வீடுகளில் பழைய பொருள்களின் இருப்பிடம், அதுவே அவற்றுக்கு எமனும் ஆகிறது. அந்தச் சூட்டில் மரம் ஒரு அளவில் சுருங்கும், மேலே ஒட்டிய கொம்போ எலும்போ வேறொரு அளவில் சுருங்கும். தகடுகள் வெடித்து எழும்புவது அதனால்தான். தரைத்தள அறையில், வெளிச்சுவரில் ஒட்டாத மர அலமாரியில் வைப்பது உத்தமம். தேங்காய் எண்ணெய் பூசவோ வார்னிஷ் அடிக்கவோ வேண்டாம். பித்தளைக் கீலைப் புளி போட்டுத் தேய்த்தால் அந்தச் சாறு பட்டில் இறங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட எளிதான காரியம் ஒன்று உண்டு. ஆங்கிலச் சிறுமி ஹன்னா ஸ்மித் செய்ததைப் போல ஒரு தாளில், பெட்டி யாருடையது, யார் கொடுத்தது, எந்த ஆண்டு, உள்ளே என்னென்ன இருந்தன என்று எழுதி அடித்தட்டில் வையுங்கள். வீட்டில் மூத்த பெண்மணி இருக்கும்போதே அவரைக் கேட்டு எழுதுங்கள். இன்னும் முடிந்தால் தட்டைத் திறந்துவைத்து ஒரு புகைப்படமும் எடுத்துவிடுங்கள்.

1985இல் தொடங்கப்பட்டு இப்போது கோட்டைக்குள் இயங்கிவரும் வேலூர் அரசு அருங்காட்சியகத்தாருக்குத் தங்கள் இதழ் வாயிலாக ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கற்சிலைகளுக்கும் படைக்கலங்களுக்கும் பக்கத்தில் இம்மாவட்டப் பெண்களின் கைவேலைக்கு ஒரு கண்ணாடிப் பேழையாவது ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள், மக்கள் தங்கள் வீட்டுத் தையல் பெட்டிகளைக் கொண்டுவந்து காட்டி, விவரம் பதிந்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்ப எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். எவரும் பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்கவில்லை. ராணிப்பேட்டையிலிருந்தும் ஆரணியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வருவதற்குப் பேருந்து வசதி இருக்கிறது. பதிவேட்டை எழுத ஆள் இல்லை என்றால், என்னைப் போல ஓய்வு பெற்ற தையல் ஆசிரியைகள் இந்தப் பகுதியில் பலர் இருக்கிறோம். ஊதியம் இல்லாமலே வந்து எழுதுவோம்.

அந்த நாள் வரும்போது என் பெரியம்மாவின் பெட்டியையும் கொண்டுவருவேன். அதன் குழிகள் வெறுமையாகத்தான் இருக்கின்றன. ஒரு குழியில் மட்டும் விளிம்பு வெட்டுண்ட அந்த விரலுறையைத் திரும்ப வைத்திருக்கிறேன். பெரியம்மாவின் பெயர், அவர் படித்த ஆண்டுகள், மற்ற குழிகளில் இருந்த கருவிகள், அவை எப்படிப் போயின என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, மாதிரித் துணி இருந்த இடத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.